விசுவேசுவரய்யாவும் தூய குடிநீரும்

கருநாடகத்தில் சிக்கபள்ளாபூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் விசுவேசுவரய்யா பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் பயின்றபோது, சிறுவர்களுக்குப் பாடம் கற்பித்து, அவ்வருவாயைக் கொண்டு படித்தார். 1881இல் பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையால் புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் கற்றார். 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் ஆனார்.

சில ஆண்டுகளுக்குப் பின், சிந்து ஆற்றங்கரையில் உள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் வழங்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நகர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. ஆற்றுநீர் வண்டல் கலந்து கலங்கியிருந்தது. அதனை அருகிலிருந்த குன்றின்மேல் ஏற்றி, வடிகட்டிக் குழாய்வழி அனுப்புவதே முதல் திட்டம். ஆனால், வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் போதிய பொருள் இல்லை. கலங்கிய நீரை மக்களுக்கு வழங்கவும் இயலாது. பணியைக் கைவிடவும் இயலாது.

கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீரை முகப்பது நம் மக்கள் அறிந்த வழக்கமே. அந்த இயற்கை நெறியே சுக்கூரிலும் கைகொடுத்தது. கரையை ஒட்டி, ஆற்றுப் படுகையிலேயே வட்டக் கிணறு ஒன்றைத் தோண்டுவித்தார் விசுவேசுவரய்யா. நீர் மிகுதியாக ஊறுவதற்காக, கிணற்றிலிருந்து ஆற்றின் அடியே சுரங்கவழியும் அமைத்தார். ஆற்றுநீர் மணலின் ஊடே மெல்லக் கசிந்தது. அழுக்கு மணலில் தங்கியது. தெளிந்த நீர் கிணற்றில் சேர்ந்தது. அந்நீர் குன்றின்மேல் ஏற்றப்பெற்று, குழாய்களின் வழியே நகருக்குச் சென்றது. பொருட்குறையை அறிவு ஈடுசெய்தது.

1909இல் அவர் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1911இல் மைசூருக்கு அருகே, கண்ணம்பாடியில் காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணையின் பணி தொடங்கியது. 1912 முதல் 1918 வரை அவர் மைசூரின் திவானாகவும் விளங்கினார்.

இன்று மைசூரு மக்கள் காவிரி, கபினி ஆறுகளின் நீரைப் பருகுகின்றனர். ஆற்றுநீர் அப்படியே குழாய்க்கு வருவதில்லை. முதலில் அதில் படிகாரம் கலக்கப்படுகிறது. நுண்ணிய அழுக்குகள் ஒன்றுதிரண்டு தொட்டியின் அடியில் படிகின்றன. தெளிந்த நீர் மணற்படுகையின் வழியே வடிகட்டப்படுகிறது. எஞ்சிய நோய்க்கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அதன்பின் மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றப்பெற்று வீடுகளை அடைகிறது. சுக்கூரில் பயன்பட்ட மணலே இங்கும் வடிகட்டியாகத் தொண்டாற்றுகிறது.

விசுவேசுவரய்யா 1955இல் பாரத ரத்னா விருது பெற்றார், 1962இல் மறைந்தார். அவர் பிறந்த நாள் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. குழாயைத் திறந்தவுடன் வரும் ஒவ்வொரு குவளை நீரிலும் பலருடைய அறிவும் உழைப்பும் கலந்துள்ளன. அதனை வீணாக்காமல் காப்பது நம் கடமையாகும்.

அருஞ்சொற்பொருள்

வண்டல் – நீர் அடித்துவரும் நுண்மண்
படுகை – ஆற்றின் அடித்தளம்
முகத்தல் – கலத்தால் நீரை அள்ளுதல்
திவான் – மன்னராட்சியின் முதன்மை அமைச்சர்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. ஆற்றுநீரில் அழுக்கைத் திரளச் செய்வது ________.
2. விசுவேசுவரய்யா மைசூரின் திவானாகப் பொறுப்பேற்ற ஆண்டு ________.

ஆ. விடை எழுதுக.

1. சுக்கூரில் வடிகட்டும் தொட்டிகள் கட்டப்படாதது ஏன்?
2. மணற்படுகை நீரை எவ்வாறு தெளிவாக்குகிறது?
3. உம் வீட்டில் குடிநீரைச் சேமிக்கும் வழிகளை ஐந்து வரிகளில் எழுதுக.