நீர்த்தாரையை அளந்த டாரிசெல்லி

அடியில் குழாய் பொருத்திய பீப்பாயில் நீர் நிரம்பியிருக்கையில் குழாயைத் திறந்தால் நீர் சீறிப் பாய்கிறது. நீர் குறையக் குறைய அதே குழாய் சோர்ந்து ஒழுகுகிறது. இச்சீற்றத்திற்கும் ஒரு கணக்கு உண்டு என்று கண்டவர் இத்தாலிய அறிஞர் எவாஞ்ஜலிஸ்தா டாரிசெல்லி. பாடநூல்களில் பாரமானியோடு மட்டுமே இவர் பெயரைப் படித்துவிட்டு, நாம் அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம்.

அன்னார் 1608-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பிறந்தார். உறவினரான கமால்தோலிச் சபைத் துறவி ஒருவரின் ஆதரவில், ஃபயென்சா நகரில் சேசு சபைக் குருக்களிடம் கல்வி கற்றார். பின்னர் உரோமையில் பெனதெத்தோ கஸ்தெல்லியிடம் மாணவராய்ச் சேர்ந்தார். கஸ்தெல்லி, புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, கலிலேயோவின் மாணவர், ஓடும் நீரை அளப்பது பற்றி 1628-இல் நூல் எழுதியவர். டாரிசெல்லி அவருக்குச் செயலாளராகவும் இருந்தார். நீரின் மீது பிறந்த ஆர்வம் அங்கு பெற்றதே என்று நாம் எண்ணுகிறோம்.

1632-இல் கலிலேயோவுக்கு முதல் கடிதம் எழுதியபோது அவர் வயது 23. சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கொள்கையை ஏற்பவன் என்று அதில் தம்மைத் தெரிவித்துக்கொண்டார். மறு ஆண்டே கலிலேயோ தண்டிக்கப்பட்டார். அதன்பின் டாரிசெல்லி வானியலைப் பற்றி வெளிப்படையாகப் பேசாமல், கணிதத்தோடும் இயக்கவியலோடும் நின்றுகொண்டார். சிலர் இதைக் கோழைத்தனம் என்பர். நாம் அவ்வாறு கூறத் துணிய மாட்டோம். கலிலேயோவின் வழக்கில் தவறு நேர்ந்ததைத் திருச்சபையின் சார்பில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்றுக்கொண்டது 1992-இல் அல்லவா!

1641-இல் டாரிசெல்லி எழுதிய இயக்கம் பற்றிய கட்டுரையைக் கஸ்தெல்லி எடுத்துச்சென்று கலிலேயோவிடம் காட்டினார். அப்போது கலிலேயோ ஆர்செத்ரியில் வீட்டுக்காவலில், கண்பார்வை இழந்து வாழ்ந்துகொண்டிருந்தார். அழைப்பு வந்தது. அக்டோபரில் டாரிசெல்லி அவ்வீடு சேர்ந்தார். முதியவர் சொல்லச் சொல்ல எழுதினார்; 19 வயது விவியானியும் உடனிருந்தார். மூன்றே மாதங்கள்! 1642 ஜனவரி 8-இல் கலிலேயோ மறைந்தார். அவர் வகித்த கணித அறிஞர் பதவியைத் தஸ்கனிப் பெருங்கோமகன் டாரிசெல்லிக்கே வழங்கினார்.

1644-இல் வெளியான தம் நூலில்தான் நீர்த்தாரையின் விதியைத் தந்தார். பாத்திரத்தின் துளை வழியே வெளிவரும் நீரின் வேகம், நீர்மட்டத்திலிருந்து துளை வரை தடையின்றி விழும் ஒரு பொருள் பெறும் வேகமே என்றார். துளையை மேல்நோக்கி அமைத்தால், தாரை ஏறக்குறைய நீர்மட்டம் வரை எழுகிறது. ஏன் முழு உயரத்தை எட்டவில்லை? காற்றின் தடையும், திரும்பி விழும் துளிகள் எழும் நீரோடு மோதுவதும் காரணம் என்றார்.

துளைக்கு மேல் 5 மீட்டர் உயரம் நீர் நின்றால், தாரையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். நீரின் உயரத்தை நான்கு மடங்காக்கினால், வேகம் இரு மடங்கே ஆகும். ஆனால் ஒவ்வொரு கிலோ நீரும் சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதே துளை வழியே வினாடிக்கு வரும் நீரும் இரு மடங்கு என்பதால், தாரை ஒரு வினாடியில் கொண்டுவரும் ஆற்றல் எட்டு மடங்கு!

ஆற்றல் என்ற சொல்லின் இன்றைய பொருள் டாரிசெல்லிக்குத் தெரியாது. 1738-இல் டேனியல் பெர்னூலி நீரியக்க நூலை வெளியிட்ட பின்னரும் அது தெளிவுபெற நெடுநாள் ஆயிற்று. கொந்தளிக்கும் தாரையில் எல்லாத் துளிகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பாதி நீர் 8 மீட்டர் வேகத்திலும் பாதி 12 மீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். சராசரி 10, அதன் வர்க்கம் 100. தனித்தனி வர்க்கங்களோ 64-உம் 144-உம். அவற்றின் சராசரி 104. ஆகவே சராசரி வேகத்தை மட்டும் நம்பினால் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவோம். அந்தக் கூடுதல் பங்கு சுழல்களில் இருக்கிறது. பெருஞ்சுழல் சிறுசுழல்களாய் உடைந்து, முடிவில் வெப்பமாகிறது.

பாதரசக் குழாய்ச் சோதனை 1643-இல் நடந்தது. அதை நம் மாணவியர் ஆய்வுக்கூடத்தில் அறிவர். அவர் நேர்த்தியான வில்லைகளைத் தீட்டியதையோ பலர் அறியார்.

1647 அக்டோபரில் அன்னார் கடும் காய்ச்சலுற்று 25-ஆம் நாள் புளோரன்சில் காலமானார். வயது 39. அச்சேறாத தம் தாள்களைக் கவாலியேரி என்னும் துறவியான கணித அறிஞரிடம் சேர்க்குமாறு நண்பர் ஒருவரிடம் வேண்டியிருந்தார். அடுத்த மாதம் கவாலியேரியும் இறந்தார். தாள்கள் கைமாறிக் கிடந்தன. ஃபயென்சாவில் அவருடைய எழுத்துகள் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது 1919-இல்.