கோபுரம் கட்டிய ராஜாவுக்குக் குதிரையால் வந்த தலைவலி!

திருவண்ணாமலைக்குப் போயிருந்தா, ராஜகோபுரத்தைப் பின்னணியா வெச்சு ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பீங்க. 11 நிலை, 217 அடி உயரம். அதைத் தொடங்கிவைத்தவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். ஆயிரங்கால் மண்டபமும் அவர் திருப்பணிதான். தெனாலிராமன் கதைகள்ல வர்ற அதே ராஜா. ஆனா, அந்தக் கதைகள்ல வராத ஒரு தலைவலி அவருக்கு இருந்துச்சு. அது குதிரை!

1509-ல் அவர் அரியணை ஏறியபோது வடக்கே பிஜப்பூர் சுல்தான், வடகிழக்கே ஒடிசாவின் கஜபதி என இரண்டு பக்கமும் பகை. குதிரைப்படை இல்லாம ஜெயிக்க முடியாது. நம்ம ஊர் வெயிலும் தீவனமும் உயர்ரகக் குதிரை வளர்க்கத் தோதுப்படாது. அரேபியா, பாரசீகத்திலிருந்து கப்பல்லதான் வரணும். முன்பு ஆண்ட சாளுவ நரசிம்மர், கடல்ல செத்த குதிரைக்குக்கூட வாலைக் கொண்டுவந்து காட்டினா காசு கொடுத்தாராம். அவ்வளவு கிராக்கி!

1510-ல் போர்த்துக்கீசியர் பிஜப்பூரிடமிருந்து கோவாவைப் பிடிச்சாங்க. குதிரைக் கப்பல்கள் கோவாவுக்குத்தான் வரணும்னு கட்டாயப்படுத்தி, சுங்கவரியும் வசூலிச்சாங்க. ஆக, ராயரின் படைக்கான சாவி பக்கத்து வீட்டுக்காரர் கையில்!

குதிரைகளைத் தனக்கு மட்டுமே விற்கணும்னு ராயர் பேரம் பேசினார். கோவா ஆளுநர் அல்புகெர்க்கி லேசுல பிடிகொடுக்கலை. பிஜப்பூரும் அதே குதிரைக்குக் காத்திருந்ததே! இரண்டு வாடிக்கையாளரையும் இழக்க அவருக்கு மனசில்லை.

ராயர் கோவாவோடு சண்டைக்குப் போகலை. உறவை வளர்த்தார். 1520-ல் ராய்ச்சூர் கோட்டையை முற்றுகையிட்டபோது, குதிரை விற்க வந்திருந்த ஃபிகெய்ரெடோ என்ற போர்த்துக்கீசியர் தன் துப்பாக்கி வீரர்களோடு அவருக்குத் துணைநின்றார். கோட்டை விழுந்தது. நகருக்குத் தண்ணீர் கொண்டுவர ஏரி வெட்டியபோதும் ஒரு போர்த்துக்கீசியப் பொறியாளர் உதவினார்.

இந்த அனுபவம் ராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்த மால்யதா’விலும் தெரியுது. துறைமுகங்களை நல்லா பராமரிக்கணும், கரை ஒதுங்கும் வெளிநாட்டவரைப் பாதுகாக்கணும், தூரதேசத்து வணிகர்களுக்கு வீடும் மரியாதையும் நல்ல விலையும் தரணும், அப்பதான் யானையும் குதிரையும் எதிரி பக்கம் போகாதுன்னு அரசர்களுக்கு அதில் அறிவுரை சொல்றார். இன்னிக்கு ஒரு வர்த்தக அமைச்சர் சொன்னாலும் பொருந்தும், இல்லையா?

1529-ல் ராயர் மறைந்தார். திருவண்ணாமலை கோபுரத்தைப் பின்னர் தஞ்சை நாயக்கர் சேவப்பர் கட்டி முடிச்சார். 1535 வாக்கில் எழுதிய குதிரை வியாபாரி நூனிஸ், விஜயநகர அரசர் வருஷத்துக்கு 13,000 குதிரைகள் வாங்குறதா குறிப்பிடுறார்.

1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. அடி அங்கே மட்டும் விழலை. குதிரையும் பட்டும் வாங்க ஆளில்லாம கோவாவின் சுங்க வருமானமும் சரிஞ்சது. இரண்டு பக்கமும் பேரம் பேசிச் சம்பாதிச்ச கோவாவுக்கு அப்பதான் உறைச்சிருக்கும், தன் கல்லாவை நிரப்பினது பக்கத்து வீட்டுச் செழிப்புன்னு!