ஆராய்ந்து கண்ட அறிஞர் ஆண்ட்ரூஸ்

சமயக் கொள்கைகள் யாவும் தோன்றிய நாளிலேயே முழு வடிவம் பெற்றுவிட்டவை என்று எண்ணுவோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அன்பர்கள் கூடியமர்ந்து, நூல்களைப் புரட்டி, வாதிட்டு, சில வேளைகளில் தாம் உறுதியாகப் பற்றியிருந்ததையே விட்டுக்கொடுத்து வளர்த்த கொள்கைகள் பல. அமெரிக்க அறிஞர் ஜான் நெவின்ஸ் ஆண்ட்ரூஸின் வாழ்வு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

ஆண்ட்ரூஸ் 1829ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள், மெய்ன் மாநிலத்தில் போலந்து என்னும் பெயருடைய சிற்றூரில் பிறந்தார். பதினோராம் வயதிலேயே அவருடைய பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. ஆயினும் தாமே முயன்று கிரேக்கம், இலத்தீன், எபிரேயம் ஆகிய மொழிகளைக் கற்றார்.

அக்காலத்தில் வில்லியம் மில்லர் என்னும் உழவர், விவிலியத்தின் தானியேல் நூலில் வரும் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டு, கிறித்து விரைவில் திரும்பி வருவார் என்று பறைசாற்றி வந்தார். அவர் வழி நின்றோர் இறுதியில் 1844 அக்டோபர் 22 என நாளும் குறித்தனர். அந்நாள் வந்தது, ஒன்றும் நிகழாமலே கழிந்தது. விழித்திருந்து ஏமாந்தோருள் பதினைந்து வயது ஆண்ட்ரூஸும் ஒருவர்.

பலர் நம்பிக்கையைக் கைவிட்டனர். ஒரு சிறு கூட்டத்தார் மட்டும், பிழை எங்கே நேர்ந்தது என்று மீண்டும் நூலை ஆராய்ந்தனர். நாள் சரியே, அன்று நிகழ்வது என்னவென்று கொண்டதே தவறு, கிறித்து விண்ணகத் திருக்கூடாரத்தில் தம் இறுதிப் பணியைத் தொடங்கிய நாள் அது என்று முடிவு கண்டனர். தவறிய கணக்கைக் காப்பாற்றச் சொன்ன சமாதானம் இது என்று குறை கூறியோரும் உண்டு. இக்கூட்டமே பின்னர் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டு சபையாக வளர்ந்தது.

சனிக்கிழமையே ஓய்வுநாள் என்பது இவர்தம் மற்றொரு கொள்கை. 1845இல் ஒரு சிறு வெளியீட்டைப் படித்து ஆண்ட்ரூஸ் அதை ஏற்றார். ஆனால் ஓய்வுநாள் எப்பொழுது தொடங்குகிறது? எல்லா வேலையையும் அன்று நிறுத்திவிடுவோர்க்கு இது வாரந்தோறும் எழும் கேள்வி. மூத்த தலைவரான ஜோசப் பேட்ஸ், வெள்ளி மாலை 6 மணிக்கு என்றார். கப்பல் தலைவராய் இருந்த அவர், நிலநடுக்கோட்டில் கதிரவன் மறையும் நேரத்தையே எல்லா இடங்களுக்கும் பொதுவாகக் கொண்டார். வட அமெரிக்காவிலோ குளிர்காலத்தில் 6 மணிக்கு முன்பே இருட்டிவிடும். கோடையில் அந்நேரத்தில் வெயில் காயும். வேறு கருத்துகளும் எழவே, மற்றொரு தலைவரான ஜேம்ஸ் ஒயிட் இதனை ஆராயுமாறு ஆண்ட்ரூஸை வேண்டினார்.

ஆண்ட்ரூஸ் பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். விவிலியத்தில் மாலை என்பது கதிரவன் மறைவையே குறிக்கிறது என்று கண்டார். அவர் எழுதிய கட்டுரை 1855 நவம்பரில், மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகரில் கூடிய மாநாட்டில் படிக்கப்பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 26. பேட்ஸுக்கோ 60க்கு மேல். பெரும்பாலோர் இளைஞரின் முடிவை ஏற்றனர். பேட்ஸும், இறைவாக்கினராக மதிக்கப்பெற்ற எலன் ஒயிட் அம்மையாரும் பழைய கருத்தை விடவில்லை. சில நாட்களில் அம்மையார் தாம் கண்ட காட்சியொன்றைக் கூறி, கதிரவன் மறைவே சரியென ஏற்றார். பேட்ஸும் இணங்கினார். இங்கே ஆராய்ச்சி முன்னே நடந்தது. காட்சி பின்னே வந்து அதை உறுதி செய்தது. இந்த வரிசை கருதத்தக்கது.

ஓய்வுநாளின் வரலாற்றை ஆண்ட்ரூஸ் பெருநூலாக எழுதி, 1873இல் மேலும் விரிவாக்கி வெளியிட்டார். 1867 முதல் 1869 வரை சபையின் தலைவராகவும் பணியாற்றினார். 1872இல் மனைவி ஆஞ்சலின் மறைந்தார். 1874இல், மகன் சார்லசையும் மகள் மேரியையும் அழைத்துக்கொண்டு, சபை முறைப்படி அயல்நாட்டுக்கு அனுப்பிய முதல் தொண்டராக ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வாழ்ந்து, 1876இல் பிரெஞ்சு மொழியில் ஒரு மாத இதழைத் தொடங்கினார். இதழைப் பிழையின்றி நடத்த மொழி வேண்டுமே! தந்தையும் மக்களும் வீட்டில் பிரெஞ்சு மட்டுமே பேசுவதென உறுதி பூண்டனர். இதழ்ப்பணியில் தந்தைக்குத் துணைநின்ற மேரி 1878இல் காசநோயால் இறந்தாள். அதே நோய் தந்தையையும் பற்றியது. 1883 அக்டோபர் 21இல், தம் 54ஆம் வயதில், பாசலிலேயே அவர் உயிர் நீத்தார்.

மிச்சிகனில் உள்ள சபையின் பல்கலைக்கழகம் 1960 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பள்ளியைப் பதினொன்றில் விட்டவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம்! அவர் கண்ட முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் பெரியோர் சொல்லை மதித்துக்கொண்டே அதைச் சோதித்துப் பார்த்த அவருடைய துணிவும், இளையவன் கூற்று என்று தள்ளாமல் கேட்டு ஏற்ற பெரியோரின் பண்பும், எச்சமயத்தைச் சார்ந்த மாணவரும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.