வெட்டுக்கிளிகளுக்குப் பெயர் சூட்டியவர்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசி வயல் வரப்புகளில் புல் தழைக்கும். காலை எடுத்து வைத்தால் வெட்டுக்கிளிகள் தாவும். சிலவற்றுக்கு இறக்கை இராது. குஞ்சுதான் என்று நினைத்து நாம் நடந்துவிடுவோம்.

எல்லாம் குஞ்சு அல்ல! வளர்ந்து முட்டையிடும் பருவத்திலும் இறக்கை முளைக்காத வெட்டுக்கிளிகள் தென்னாட்டில் உண்டு. அவற்றைத் தனியே பிரித்துப் பெயர் வைத்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இக்னேசியோ பொலிவார்.

அவர் 1850-ல் மாட்ரிட் நகரில் பிறந்தார். சட்டம் படித்தார். மனமோ பூச்சிகளிடம் போயிற்று.

பெயர்க் குழப்பம்

அந்தக் காலத்தில் பூச்சிகளின் பெயர்களில் பெரும் குழப்பம் இருந்தது. ஒரே பூச்சிக்குப் பல பெயர்கள். வெவ்வேறு பூச்சிகளுக்கு ஒரே பெயர். பொலிவார் பூச்சிகளின் தலை, கால், இறக்கை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உறவானவற்றைச் சேர்த்தார், அல்லாதவற்றைப் பிரித்தார். கூம்புத் தலை வெட்டுக்கிளிகளைப் பற்றி 1884-ல் தனி நூல் எழுதினார். இறக்கையற்ற ஒரு கூட்டத்துக்கு அதில் 'ஆர்த்தாக்ரிஸ்' என்று பெயரிட்டார்.

பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி சேகரித்த வெட்டுக்கிளிகளையும் ஆராய்ந்தார். அதன் முடிவுகளை 1897 முதல் பகுதி பகுதியாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

பெயரால் என்ன பயன்?

மைசூர்ச் சீமையில் ஒரு வெட்டுக்கிளி சோளப் பயிரைத் தின்று தீர்த்தது. அது புதிய இனம் என்று பொலிவார் கண்டார். அங்கே விவசாய இலாகாவில் பணியாற்றிய கோல்மன் என்பவரின் பெயரால் 1910-ல் அதற்குக் 'கோல்மேனியா' என்று பெயரிட்டார். அதற்கும் பறக்கும் இறக்கை இல்லை. பறக்காத பூச்சி தூர தேசத்திலிருந்து வருமா? உள்ளூர் மண்ணில் முட்டையிட்டு, அங்கேயே பெருகுகிறது. எதிரி யார் என்று தெரிந்தால்தானே தடுக்க வழி பிறக்கும்!

88 வயதில்

1901-ல் மாட்ரிட் இயற்கை அறிவியல் காட்சிசாலையின் தலைவரானார். ஸ்பெயினில் மூண்ட உள்நாட்டுப் போர் 1939-ல் முடிந்தபோது அவர் நாட்டில் இல்லை. தோற்ற பக்கத்தாரோடு 88 வயதில் எல்லையைத் தாண்டினார். மெக்சிகோ அடைக்கலம் தந்தது. அங்கே 1940-ல் ஓர் அறிவியல் பத்திரிகையைத் தொடங்கினார். 1944-ல், 94-வது வயதில் காலமானார்.

வீடு போயிற்று, நாடு போயிற்று. வைத்த பெயர்கள் போகவில்லை. விஞ்ஞான முறைப்படி ஒரு பூச்சியின் பெயருக்குப் பக்கத்தில் அதை முதலில் விவரித்தவரின் பெயரையும் எழுதுவார்கள். நம் ஊர் வெட்டுக்கிளிகள் பலவற்றின் பெயருக்குப் பக்கத்தில் இன்றும் இருப்பது பொலிவார் பெயர்தான்.