அனாதைன்னு பொய் சொன்ன பையன்

ஆஃபர் லெட்டர் வந்தாச்சா மக்கா? வீட்டுல சொல்லியாச்சா? அப்போ இந்த வாரம் ‘தேவர் மகன்’ பாருங்க. ஏற்கெனவே பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இந்தத் தடவை கமலை விட்டுட்டு, பெரிய தேவரா வர்ற சிவாஜி கணேசனைக் கவனிங்க.

1928 அக்டோபர் 1-ல் பிறந்தவர். அப்பா சின்னையா மன்றாயர் ரயில்வே ஊழியர். சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போயிட்டதால, மகன் அப்பா முகத்தைப் பார்க்கவே நாலு வயசாயிடுச்சு. அப்புறம் ஒரு நாள் கட்டபொம்மன் கூத்து பார்க்கிறார். நம்ம பாஞ்சாலங்குறிச்சிக் கதைதான். நடிகனாகணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டார். ஏழு வயசு வாக்குல, தனக்கு அப்பா அம்மா யாரும் இல்லைன்னு பொய் சொல்லி, திருச்சியில ஒரு நாடகக் கம்பெனியில சேர்ந்துட்டார். முதல் வேஷம் சீதை.

1952-ல ‘பராசக்தி’. 1959-ல அதே கட்டபொம்மனா சினிமாவுல நடிச்சார். அதுக்காக அடுத்த வருஷம் கெய்ரோ பட விழாவுல சிறந்த நடிகர் விருது. திருநெல்வேலியிலிருந்து மதுரை போற வழியில கயத்தாறு வருமே, கட்டபொம்மனைத் தூக்குல போட்ட ஊர், அங்கே சொந்தக் காசுல நிலம் வாங்கிச் சிலை வச்சதும் இவர்தான்.

ஆனா எனக்குப் பிடிச்சது அப்பா சிவாஜி. ‘தங்கப்பதக்கம்’ (1974) படத்துல போலீஸ் அதிகாரி. குற்றவாளியான மகனைத் தானே சுடுறார். ‘தேவர் மகன்’ (1992) நேர் எதிர். லண்டன்ல படிச்ச மகன் சிட்டியில ஹோட்டல் தொடங்கணும்னு நிக்கிறான். ஊர்ல பங்காளிப் பகை. மழை பெய்யுற அந்த சீன்ல, கட்டபொம்மனா கர்ஜிச்ச குரல் அப்படியே தணிஞ்சு, இருந்துட்டுப் போயேன்னு மகன்கிட்ட கெஞ்சாமக் கெஞ்சுது. பகையாளித் தம்பியா வர்றவர் காகா ராதாகிருஷ்ணன். நிஜத்துல சிவாஜியோட நாடகக் கம்பெனி காலத்து சிநேகிதர்!

பாதிப் படத்துல பெரிய தேவர் இறந்துடுறார். ஆனா அந்தக் குரல் மகனை விடலை. ஊர்லயே தங்குறான், கடைசியில கையில ரத்தத்தோட ஜெயிலுக்குப் போறான். (ஸ்பாய்லர்தான், மன்னிச்சிடுங்க.) குடும்பத்துக்காக நின்னா எல்லாம் நல்லா முடியும்னு படம் சொல்லவே இல்லை.

2001 ஜூலை 21-ல் சிவாஜி இறந்துட்டார். நம்மள்ல பல பேர் அப்போ பிறக்கவே இல்லை. ஏழு வயசுல வீட்டை விட்டு ஓடின ஒருத்தர், அறுபது தாண்டி, மகனைப் போகாதேன்னு தடுக்கிற அப்பாவா நடிச்சிருக்கார். அந்த சீனை நான் மூணு தடவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன்.

எனக்கு பெங்களூர்ல வேலை. அப்பாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் வயல். போன்ல விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷம்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, பிசான நடவுக்கு லீவு கிடைக்குமான்னு மட்டும் கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியாம, சாப்டீங்களாப்பான்னு கேட்டு வச்சிட்டேன்.