ஐடா பி. வெல்ஸ்: 12 பேரின் மரண தண்டனையைக் கேள்வி கேட்ட குரல்

யார் இந்த ஐடா பி. வெல்ஸ்? 1862-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆசிரியை, பிறகு பத்திரிகையாளர். 1892-ல் மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை வைத்திருந்த இவருடைய நண்பரையும் இன்னும் இருவரையும் வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றது. வெல்ஸ் கண்டித்து எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தையே அடிச்சு நொறுக்கிட்டாங்க. திரும்பி வந்தால் கொல்வோம் என்று மிரட்டல் வேறு.

அதன் பிறகு பேனாவோடு மேடையையும் பிடித்துக்கொண்டார். 1893, 1894-ல் பிரிட்டனில் ஊர் ஊராகப் பேசினார். செத்தது யார், எந்த ஊர், சொன்ன குற்றம் என்ன, விசாரணை நடந்ததா? வெள்ளையர் பத்திரிகைகளில் வந்த செய்திகளையே ஆதாரமாக வைத்துச் சொன்னதால், யாராலும் சுலபமாக மறுக்க முடியவில்லை.

எலெய்னில் நடந்தது என்ன?

1919-ல் ஆர்கன்சா மாநிலத்தின் எலெய்ன் பகுதியில், வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பின விவசாயிகள் சங்கம் சேர்ந்தார்கள். பருத்திக்கு நியாயமான விலை வேணும், அவ்வளவுதான் கேட்டாங்க. அவர்கள் கூட்டம் நடத்திய தேவாலயத்தில் துப்பாக்கிச் சூடு. ஒரு வெள்ளையர் இறந்தார். அடுத்த சில நாட்களில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் நூற்றுக்கும் மேல் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. ஆனால் மரண தண்டனை கிடைத்ததோ 12 கறுப்பினத்தவருக்கு! ஜூரிகள் அனைவரும் வெள்ளையர். சில நிமிடங்களில் தீர்ப்பு. சாட்சிகளைச் சாட்டையால் அடித்தே பேச வைத்திருந்தார்கள்.

சிறைக்குள் போன வெல்ஸ்

1920-ல், சுமார் 28 வருஷம் கால் வைக்காத தெற்குப் பகுதிக்கு வெல்ஸ் போனார். கைதிகளின் மனைவி, தாய்மார்களோடு சொந்தக்காரர் மாதிரி சிறைக்குள் நுழைந்தார். கைதிகள் சாவைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் பாடினார்கள். சாவுக்குத் தயாராகாதீங்க, விடுதலை கேட்டு வேண்டிக்கோங்க என்று சொன்னார். அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி, சிறு நூலாக அச்சிட்டு வெளியே கொண்டுவந்தார்.

நீதிமன்றத்தில் போராடியவர்கள் வழக்கறிஞர் சிபியோ ஜோன்ஸ் உள்ளிட்டோர். கும்பலின் மிரட்டலில் நடந்த விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்று 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1925-க்குள் 12 பேரும் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் சிகாகோவில் வெல்ஸின் வீடு தேடிப்போய் நன்றி சொன்னார்.

வெல்ஸ் 1931-ல் காலமானார். 2020-ல் அவருக்கு புலிட்சர் சிறப்புக் கௌரவம் வழங்கப்பட்டது.