ஸர் ராபர்ட் மக்காரிஸன்

நீலகிரியிலுள்ள குன்னூரில் அமர்ந்து ஆராய்ந்து உலகெங்கும் புகழ் பெற்ற வைத்திய அறிஞர் ஸர் ராபர்ட் மக்காரிஸன். வைகை பாயும் மதுரைச் சமவெளியில் வாழும் நமக்கு இவர் சரித்திரம் இரு வகையால் அறியத்தக்கது. நாம் உண்ணும் அரிசியின் குணங்குறைகளை இவர் ஆராய்ந்தார். இன்று நம் வீட்டு உப்பில் அயோடின் கலக்கப்படுவதற்குக் காரணமான நோயையும் ஆராய்ந்தார்.

இவர் 1878 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15 ஆம் தேதி, அயர்லாந்தின் வடபாகத்துள்ள போர்ட்டடௌன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்டு நகரில் வைத்தியம் கற்று 1900 இல் தேர்ச்சி பெற்றார். மறு ஆண்டே இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து, எல்லைப்புறத்துச் சித்ராலுக்கும், 1904 இல் கில்கித்துக்கும் அனுப்பப்பட்டார்.

அம்மலைநாட்டில் கழுத்துக் கழலையுடையார் மிகப் பலர். குரல்வளைக்கு முன்னுள்ள தைராய்டுச் சுரப்பி பருத்தலே அந்நோய். அவ்வூர்களிற் பிறந்த குழந்தைகள் சில, வளர்ச்சி குன்றிச் செவிடும் ஊமையுமாய் வாழ்ந்தன. அவற்றின் நிலையை 1908 இல் இவர் விரித்தெழுதினார். ஒரே கால்வாயின் நீரைப் பருகிய ஊர்களுள், கீழே செல்லச் செல்ல நோய் மிகுந்திருக்கக் கண்டார். எனவே நீரின் அழுக்கே காரணமென ஐயுற்று, அந்நீரின் வண்டலைத் தாமும் பருகினார்; இசைந்து முன்வந்த பிறரையும் பருகச் செய்தார். பருகியவருள் சிலர்க்குக் கழுத்து வீங்கிற்று. பிறர்க்கு நேரும் அபாயத்தைத் தாமும் ஏற்ற அத்துணிவு போற்றற்குரியது.

ஆயினும், கிருமியே மூலம் என்று அவர் கொண்ட கொள்கை நிலைபெறவில்லை. மழையும் உறைபனியும் அரித்த மலைமண்ணில் அயோடின் குறைதலே தலையாய காரணமென்பது பின்னர் உறுதியாயிற்று. மக்காரிஸனோ, அக்குறைவு ஒன்றே முழுக்காரணமென ஒப்பவில்லை. உணவும் நீரும் வாழிடமும் சேர்ந்தே சுரப்பியைக் கெடுக்கும் என்றார்.

1918 இல் குன்னூரில் உணவாராய்ச்சி தொடங்கினார். 1923 இல் அரசாங்கச் சிக்கனத்தால் அது நின்றது. 1925 இல் மீண்டும் உயிர்பெற்றது. இந்நாட்டுப் பல பிரதேசங்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமையும் பாலும் கீரையும் உண்ட பஞ்சாபியர் உணவால் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியான சென்னை மாகாண உணவால் நலிந்தன. நம்மனோர்க்கு இது கசப்பான செய்தியாயினும் பயனுள்ளது. 1933 இல் ஸர் பட்டம் பெற்று, 1935 இல் ஓய்வு பெற்ற இவர், 1960 மே மாதம் 18 ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் காலமானார். குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958 இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

காரணம் ஒன்றன்று என்ற அவர் கருத்துக்குப் பிற்கால ஆராய்ச்சி ஓரளவு சான்று தந்துள்ளது. அயோடின் குறைந்தாற் போலவே மிகுந்தாலும் தைராய்டு கெடும். ஜப்பானின் ஹொக்கைடோ கரையில் கடற்பாசியை மிகுதியாக உண்டோர்க்குக் கழலை தோன்றியது 1960 களில் அறியப்பட்டது. ஜினீவாவில் 1820 இல் க்வான்டே என்னும் வைத்தியர் கழலைக்கு அயோடின் கொடுக்கத் தொடங்கியபின், நோயாளர் சிலர் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, உடல் மெலிந்தனர். நெடுநாள் பட்டினி கிடந்த சுரப்பி திடீரென மிகுதியாகப் பெற்றால் வரம்பின்றி வேலை செய்தலே அதன் காரணம். வேறு சிலர்க்குச் சுரப்பி மந்தமாதலும் உண்டு.

பெரியவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டும் அயோடின் 150 மைக்ரோகிராம்; எழுபது ஆண்டுக்கும் கூட்டினால் ஏறக்குறைய 4 கிராமே. இந்தியாவில் 1962 இல் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. இன்றைய விதிப்படி, வாங்குவோர் கையிற் சேரும் உப்பின் ஒவ்வொரு கிராமிலும் 15 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருத்தல் வேண்டும். ஆதலின் அளவாய் உப்பிடுவோர் மிகுதியை அஞ்ச வேண்டுவதில்லை. வைத்தியரைக் கேளாது கடற்பாசி மாத்திரைகளையும் அயோடின் மருந்துகளையும் உண்போரே அஞ்ச வேண்டியவர். கழுத்தில் முன்னரே கட்டியுடையார் இதில் பெரிதும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

ஒரு காரணத்தைக் கண்டதும் தேடலை நிறுத்தாமையே மக்காரிஸன் வாழ்வால் மாணவர் கற்கத்தக்கது. அவர் கொள்கையிற் பிழையிருந்தது. அவர் கேட்ட கேள்வியோ இன்றும் பயன் தருகின்றது.